நெருப்புப் பிரியமும் நோயும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். சாத்தூர் காராச்சேவும் இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் டீக்கடைகளில் நெருப்பைப் பற்றிய பேச்சு என்றைக்கும் ஓயாது. தீபாவளி ஆர்டர், பட்டாசு லைசன்ஸ், எங்கேயோ கேட்ட வெடிச்சத்தம் என்று அது பல வழியில் வரும். இப்போது கைபேசி வழியாக ஒரு மருத்துவச் சொல்லும் அந்தப் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. “அண்ணாச்சி, நெருப்பைப் பாத்தாலே சில பேருக்கு உடம்புல ஒரு கிளர்ச்சி வருமாம். அதுக்குப் பேரு பைரோஃபிலியாவாம். எங்க வீட்ல சின்னவன் மத்தாப்பக் கொளுத்தி வச்சுக்கிட்டு வச்ச கண்ணு வாங்காமப் பாக்கான். சொந்தக்காரர் ஒருத்தர் அந்தப் பேரச் சொல்லிட்டுப் போயிட்டாரு. மனசே சரியில்ல” என்று ஒரு தகப்பன் கேட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு அது இல்லை. மத்தாப்பைக் கண் விரியப் பார்ப்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தச் சொல் மனசுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கும். அது எங்கே பிறந்தது, மருத்துவர்கள் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள், எந்த எல்லையைத் தாண்டினால் அது பொய்யாகிறது என்று தெரிந்துகொண்டால்தான் நிம்மதி.

‘பைரோ’ என்றால் கிரேக்கத்தில் நெருப்பு. நம் பக்கத்துப் பட்டாசு ஆலைப் பலகைகள் பலவற்றில் இருக்கிற ‘பைரோ’ அதுதான். ‘ஃபிலியா’ என்றால் பிரியம். சேர்த்துப் படித்தால் நெருப்புப் பிரியம் என்றுதான் வரும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் எல்லோருமே அந்தக் கணக்கில் வந்துவிடுவோம். மருத்துவத்தில் இந்த ‘ஃபிலியா’ பாலியல் விருப்பத்தை மட்டுமே குறிக்கிறது. நெருப்பைப் பார்ப்பதோ, மூட்டுவதோ, அதைக் கற்பனை செய்வதோ ஒருவருக்குப் பாலியல் கிளர்ச்சியின் முக்கிய வழியாக, திரும்பத் திரும்ப, தீவிரமாக இருந்தால் மட்டுமே அது பைரோஃபிலியா. பரவசம், வியப்பு, வேடிக்கை, பக்தி, தொழில் பெருமை ஆகிய எதுவும் அதில் சேராது.

இந்த மாதிரிச் சொற்களுக்கெல்லாம் ஒரு தாய்ச்சொல் உண்டு. அது பாராஃபிலியா. வழக்கமான துணையிலிருந்து விலகி, வேறொரு பொருளிலோ செயலிலோ சூழலிலோ பாலியல் விருப்பம் ஊன்றிப்போவதைக் குறிக்கிற பொதுப்பெயர். வியன்னாவில் வாழ்ந்த நாட்டார் வழக்காற்று அறிஞர் பிரீட்ரிக் சாலமோ கிராஸ் 1903-இல் அதை உருவாக்கினார். உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெம் ஸ்டெக்கல் 1920களில் அதை எடுத்துக்கொண்டார். பின்னாளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் மணி அதைப் பரவலாக்கினார். அதற்கு முன் மருத்துவ நூல்களிலேயே ‘வக்கிரம்’ என்ற பொருள் தரும் வசைச்சொல்தான் புழங்கியது. மருத்துவரிடம் வருகிறவரைப் பெயராலேயே அவமானப்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நடுநிலையான சொல்லைக் கொண்டுவந்தார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. வசையைத் தவிர்க்கப் பிறந்த சொல்லை இன்று வசையாக வீசுகிறோம். எனக்கு அதுதான் வருத்தம்.

அடுத்து ஒரு முக்கியமான கட்டம். அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தபோது ஒரு கோடு கிழித்தார்கள். பாராஃபிலியா வேறு, பாராஃபிலியாக் கோளாறு வேறு. ஒருவருக்கு விருப்பம் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்பது மட்டும் நோயாகாது. அந்த விருப்பத்தால் அவருக்கே கடும் மனவேதனை வர வேண்டும், அல்லது வேலை, குடும்பம் போன்ற அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும், அல்லது பிறருக்குத் தீங்கு நேர வேண்டும். அதுவும் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். அப்போதுதான் கோளாறு என்ற சொல்லையே மருத்துவர் தொடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது இன்னும் ஒரு படி மேலே போகிறது. தனியாகவோ சம்மதத்தோடோ நடக்கிற விஷயமென்றால், ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற பயத்தால் மட்டும் வருகிற வேதனையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. யோசித்துப் பாருங்கள். ஊர் ஒருவனைப் பழித்து, அந்தப் பழியால் அவன் துடித்து, அந்தத் துடிப்பையே நோய்க்குச் சான்றாகக் காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் செயலால் அவருக்கோ பிறருக்கோ பெரிய காயமோ உயிராபத்தோ நேரும் என்றால் கோளாறாகக் கருதலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நெருப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த இரண்டாவது விதிதான் பெரும்பாலும் பொருந்தும்.

பைரோஃபிலியா என்ற பெயர் இந்தக் கையேடுகளில் எங்கே இருக்கிறது? தனிப் பெயராக எங்கும் இல்லை. அமெரிக்கக் கையேடு பெயர் சொல்லி விவரிக்கும் பாராஃபிலியாக் கோளாறுகள் 8. நெருப்பு அவற்றில் கிடையாது. அப்படி ஒருவர் உண்மையிலேயே வந்தால் ‘பிற’ என்ற தலைப்பின் கீழ்தான் மருத்துவர் எழுத வேண்டும். அந்தப் பெயர் நீளமான பட்டியல்களில்தான் உலவுகிறது. டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவப் பேராசிரியராக இருந்த அனில் அகர்வால் 2009-இல் வெளியான தன் நூலில் 547 பாராஃபிலியாப் பெயர்களைத் தொகுத்தார். நம் நாட்டு அறிஞர் ஒருவரின் பெரும் உழைப்பு அது. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் மருத்துவமனைகளில் யாரும் பார்த்ததாகப் பொருளில்லை என்பதை அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். ஒரு பெயர் இருப்பதாலேயே அந்த நோயாளிகள் தெருவெங்கும் இருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. கைபேசியில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கலங்குகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

சரி, பைரோமேனியா என்று ஒன்று கேள்விப்படுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை. குழப்பமே இங்கேதான். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துப் பட்டாசு செய்வதை 1992-இல் அரசு தடை செய்தது பட்டாசு ஆலைக்காரர்களுக்குத் தெரியும். தனித்தனி அறையில் இருந்தால் சமாளிக்கலாம், கலந்தால் கையை விட்டுப் போய்விடும். இந்த இரண்டு சொற்களும் அப்படித்தான். தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. கலந்துவிட்டால் ஒரு மனிதனின் பெயரையே எரித்துவிடும்.

பைரோமேனியா பாலியல் பிரிவைச் சேர்ந்ததே அல்ல. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் பிரிவில் அது இருக்கிறது. பாராஃபிலியாவை ஏற்ற அதே 1980 கையேடுதான் இதையும் தனியே வேறொரு பிரிவில் வைத்தது. இலக்கணம் இதுதான்: ஒருவர் வேண்டுமென்றே, ஒரு தடவைக்கு மேல் தீ வைக்கிறார். வைப்பதற்கு முன்னால் உள்ளுக்குள் ஒரு இறுக்கம் ஏறுகிறது. நெருப்பின் மேலும், தீயணைப்பு வண்டி முதலாக அதைச் சார்ந்த எல்லாவற்றின் மேலும் தீராத ஈர்ப்பு இருக்கிறது. வைத்த பிறகோ எரிவதைப் பார்க்கும்போதோ ஒரு இன்பம் அல்லது ‘அப்பாடா’ என்ற விடுதலை வருகிறது.

இதுவரை கேட்டால் பலரையும் உள்ளே இழுத்துவிடலாம் போலத் தோன்றும். அடுத்து வருகிற விலக்குகளைக் கேளுங்கள். காப்பீட்டுப் பணத்துக்காக வைத்த தீ இதில் சேராது. கோபத்தில், பழிவாங்க வைத்தது சேராது. அரசியலுக்காக வைத்தது சேராது. ஒரு குற்றத்தை மறைக்க வைத்தது சேராது. குடிபோதையில் வைத்தது சேராது. காதில் குரல் கேட்கிற மனச்சிதைவாலோ, அறிவு மங்கிய நிலையாலோ வைத்தது சேராது. அதற்கு வேறு நோய்ப்பெயர் இருக்கிறது. இவ்வளவையும் கழித்த பிறகு, வேறு எந்த நோக்கமும் இல்லாமல், நெருப்புக்காகவே நெருப்பு வைத்தவர் மிஞ்சினால் அவர்தான் பைரோமேனியா உள்ளவர்.

தமிழ்நாட்டின் தீராத தீக்காயங்களை இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் கல்லூரிப் பேருந்து கொளுத்தப்பட்டு 3 மாணவிகள் இறந்தார்கள். முதலாவதில் சாதியும் கூலிப் போராட்டமும், இரண்டாவதில் கட்சி அரசியலும் நோக்கமாக இருந்தன. இவற்றைச் செய்தவர்களை ‘தீவெறி பிடித்தவர்கள்’ என்று மருத்துவச் சொல்லால் அழைத்தால், ஏன் செய்தார்கள் என்ற கேள்வியே காணாமல் போய்விடும். நோய்ப்பெயர் நோக்கத்தை மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விலக்குகளை அவ்வளவு கவனமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு இரண்டு சொற்களும் எப்படிக் கலந்தன? பழைய கதை. 1833-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் மார்க், தீ வைப்பதில் மட்டும் புத்தி பேதலிக்கும் ஒரு தனி நோய் இருப்பதாக எழுதினார். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருக்கிற மனிதன் ஒன்றில் மட்டும் பித்தாகலாம் என்ற கருத்து அன்றைய பிரான்சில் செல்வாக்கோடு இருந்தது. நூறாண்டு கழித்து, 1932-இல், சிக்மண்ட் பிராய்டு நெருப்பை மனிதன் அடக்கியதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விண்ணிலிருந்து நெருப்பைத் திருடி வந்த கிரேக்கப் புராண நாயகன் பிரமீதியஸின் கதையை எடுத்துக்கொண்டு, தீக்கொழுந்தின் அசைவுக்கும் பாலியல் ஆசைக்கும் முடிச்சுப் போட்டார். அது ஒரு சிந்தனை. நோயாளிகளை எண்ணிப் பார்த்துச் சொன்ன முடிவு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, தீ வைக்கிறவன் என்றாலே உள்ளே ஏதோ பாலியல் வக்கிரம் இருக்கும் என்ற நினைப்பு பாடநூல்களிலும் கதைகளிலும் ஒட்டிக்கொண்டது.

எண்ணிப் பார்த்தவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். அமெரிக்காவில் நோலன் லூயிஸ், ஹெலன் யார்னெல் என்ற இரு மருத்துவர்கள் தீ வைத்தவர்களின் ஆவணங்களைப் பெரிய அளவில் ஆராய்ந்து 1951-இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த வயதுவந்த ஆண்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் நெருப்பால் பாலியல் திருப்தி அடைந்தவர்கள் 40 பேர் அளவில்தான். அதாவது தீ வைத்தவர்களிலேயே நூற்றுக்கு நான்கு பேர் கூட இல்லை. பின்லாந்தில் 1973 முதல் 1993 வரை திரும்பத் திரும்பத் தீ வைத்துப் பிடிபட்டு மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 90 ஆண்களை ஆராய்ந்தார்கள். கறாராகப் பார்த்தபோது பைரோமேனியா என்று சொல்லத் தகுந்தவர்கள் 3 பேர். மற்றவர்களில் பலருக்குக் குடி, வேறு மனநோய்கள், அறிவுத்திறன் குறைபாடு இருந்தன. ஆக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தீ வைத்தவர்களிடமே இந்த நோய்கள் அபூர்வம். தீபாவளிக்கு வெடி போடுகிறவர்களிடமும் ஆலையில் கூலிக்குத் திரி சொருகுகிறவர்களிடமும் அதைத் தேடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு டீ சொல்லட்டுமா? இனிமேல்தான் நம் ஊர்ப் பேச்சு.

நம் பக்கத்தில் நெருப்பு வாழ்க்கையின் எல்லா மூலையிலும் இருக்கிறது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றி அக்கினிச் சட்டி ஏந்திப் போகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குகிறார்கள். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோம். அக்கினிச் சட்டி ஏந்துகிறவளின் கண்ணில் வருகிற கண்ணீருக்கும் மருத்துவக் கையேட்டுக்கும் சம்பந்தமில்லை. வழக்கத்திலிருந்து விலகுவதைக்கூட நோயாக்க 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விடவில்லை: ஒருவர் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத வழக்கங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது.

தொழிலும் அப்படித்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை பொய்க்கிற கரிசல் மண்ணில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய அது வழிசெய்தது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு என்று வளர்ந்தது. பேன்சி ரகத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், வெள்ளி ஒளிக்கு அலுமினியப் பொடி என்று கணக்காக ஒரு பூவை ஆகாயத்தில் விரியவைக்கிற போர்மேனின் முகத்தில் தெரிகிற பெருமிதம் ஒரு கைவினைஞனுடையது. அதை ‘நெருப்பு மோகம்’ என்று எழுதுவது அவர் அறிவையே இழிவுபடுத்துவது.

விபத்து நடந்தால் இந்த மாதிரிச் சொற்கள் இன்னும் பெரிய கெடுதல் செய்கின்றன. ‘உயிரைப் பற்றிக் கவலைப்படாத நெருப்புப் பைத்தியங்கள்’ என்று வெளியூரிலிருந்து எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததை யாரும் மறக்க முடியாது. நாற்பது பேர் அளவில் செத்தார்கள். காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அக்கம்பக்கத்தவர்களும் அதில் உண்டு. நெருப்பை நோக்கி அவர்கள் ஓடியதற்குக் காரணம் உள்ளே மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்த விபத்துகளின் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. சீசன் நெருங்கினால் எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காருகிறார்கள். அளவுக்கு மேல் கலவையைக் குவித்து வைக்கிறார்கள். மருந்து அடைக்கும்போது உராய்வு. முந்தின நாள் மீந்த கலவை ஈரம்பட்டுக் கிடக்கிறது. அலுமினியப் பொடியும் ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். சித்திரை வெயில் சேருகிறது. செயற்கை இழைத் துணியில் நிலைமின் ஏறுகிறது. மணி மணியாகத் தயாரிக்கிற மருந்து வேலை மரத்தடியிலும் நடக்கிறது. லைசன்ஸ் ஒருவர் பெயரில், வேலை உள்குத்தகைக்கு எடுத்தவர் கையில். இவை ஒவ்வொன்றையும் தடுக்க முடியும். தடுக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்பதும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ‘பைத்தியம்’ என்ற சொல் நுழைந்த உடனே பொறுப்பு செத்தவர்கள் தலையில் போய் விழுந்துவிடுகிறது. ஒரு மருத்துவச் சொல்லின் எல்லையைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்கு முதல் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். தீ வைத்துச் சேதம் விளைவிப்பது குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 435, 436 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 326-ஆம் பிரிவு. வீட்டைக் கொளுத்தினால் ஆயுள் தண்டனை வரை போகலாம். மனநோய் காரணமாக விலக்குக் கேட்க ஒரு பிரிவு உண்டு. பழைய 84, புதிய 22. ஆனால் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவருக்குத்தான் அது. பைரோமேனியா உள்ளவருக்கும் நெருப்பால் பாலியல் கிளர்ச்சி அடைகிறவருக்கும் செய்வது தெரியும், தவறென்றும் தெரியும். எனவே நோய்ப்பெயர் கிடைத்தால் தண்டனையிலிருந்து தப்பிவிடலாம் என்பது தப்புக்கணக்கு. நோய்ப்பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி என்பதும் அதே அளவு தப்பு. நெருப்பைக் கற்பனையில் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தீக்குச்சியைக் கூடத் தப்பாக உரசாதவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

செய்தி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குடிசை எரிந்தது, வைக்கோல் படப்பு எரிந்தது என்று வந்தால் ‘சைக்கோ’ என்று தலைப்புப் போடுகிற வழக்கத்தை விடுங்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 2017 சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. பரிசோதிக்காமல் ஒரு நோய்ப்பெயரைப் போலீஸ்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னார் என்று அச்சடிப்பதும் அந்த மனிதருக்குச் செய்கிற காயம்தான்.

மனநோயையும் நெருப்பையும் சேர்த்து நினைக்க வேண்டுமென்றால் ஏர்வாடியை நினையுங்கள். விருதுநகர் 1985-இல் எந்த ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்ததோ, அந்த மாவட்டத்து ஊர். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளி என்றால் தீ வைக்கிறவன் என்று பயப்படுகிற ஊர், பூட்டி வைக்கப்பட்டு எரிந்துபோன மனநோயாளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பயம்தான் சங்கிலி போடுகிறது. பொருந்தாத இடத்தில் சொல்கிற ஒவ்வொரு நோய்ப்பெயரும் அந்தப் பயத்துக்குத் தீனி.

அப்படியானால் யாரும் எப்போதும் மருத்துவரிடம் போகவே வேண்டாமா? போக வேண்டிய இடம் உண்டு, அதையும் சொல்கிறேன். நெருப்பைப் பார்க்க ஆசைப்படுகிற குழந்தைக்கு மருத்துவர் வேண்டாம். பக்கத்தில் நிற்கிற பெரியவரும், ஒரு வாளித் தண்ணீரும், பருத்திச் சட்டையும் போதும். ஆனால் பிள்ளை ஒளிந்து ஒளிந்து தீ வைக்கிறான், கண்டித்த பிறகும் நிறுத்தவில்லை, பிராணிகளையோ சின்னப் பிள்ளைகளையோ நோகடிக்கிறான் என்றால் தாமதிக்கக் கூடாது. அப்போதும் முதலில் தேட வேண்டியது பைரோமேனியாவை அல்ல. வீட்டில் அடிதடி இருக்கிறதா, பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்றுதான் நல்ல மருத்துவர் கேட்பார். பிள்ளைகள் வைக்கிற தீயில் பெரும்பாலும் வாயால் சொல்ல முடியாத ஏதோ ஒரு செய்தி இருக்கும்.

பெரியவர் ஒருவர், நெருப்பை மூட்டினால்தான் தனக்குக் கிளர்ச்சி வருகிறது, அது வரவரக் கைமீறிப் போகிறது என்று தானே உணர்ந்தால், வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். இன்னும் எதுவும் எரியாதபோதே போய்விடுவது நல்லது. உந்துதல் எப்போது ஏறுகிறது என்று கண்டுபிடித்து, ஏறும்போது வேறு பாதைக்குத் திருப்பப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இருக்கிறது. கூடவே இருக்கிற மனச்சோர்வையோ குடியையோ குணப்படுத்தினாலும் உந்துதல் குறையலாம். தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். ‘ஏழு நாளில் ஆண்மை’ என்று லாட்ஜில் அறை எடுத்து விளம்பரம் செய்கிறவர்களிடம் போய்ப் பணத்தையும் ரகசியத்தையும் தொலைக்க வேண்டாம். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மருத்துவரிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது உங்கள் சட்டப்படியான உரிமை.

இந்தச் சொல்லை யாராவது உங்கள் முன்னால் வீசினால் மூன்று கேள்வி கேளுங்கள். இது பாலியல் விருப்பம்தான் என்று சம்பந்தப்பட்டவரே சொன்னாரா? அதனால் அவருக்கோ பிறருக்கோ துன்பமோ ஆபத்தோ உண்டா? இதைப் பரிசோதித்துச் சொன்ன மருத்துவர் யார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தீ உண்மையிலேயே ஒரு வீட்டையோ ஆலையையோ எரித்திருந்தால் நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள்: யார் எதற்காக வைத்தார்கள், அல்லது யார் எதைச் செய்யத் தவறினார்கள்? நம் மாவட்டத்தில் எரிந்துபோனவர்களின் குடும்பங்களுக்கு நாம் பட்டிருக்கிற கடன் அந்த நான்காவது கேள்விதான். அதை விடாமல் கேட்போம்.